பாக்கியத்தின் காதும் தர்சியின் மூக்கும்

ஆனி 3, செவ்வாய்

விடியவே கச்சான் காத்து. வாய்க்குள்ள மண். முதல் பஸ்ஸுக்கு நானும் மகள் பாக்கியமும். அவளுக்குத் தோல் கிளினிக்.

எனக்கு எழுத்து மூணாம் வகுப்பு மட்டும்தான். கூட்டிக் கூட்டித்தான் எழுதுறன். மகள் தையல் அளவு எழுதுற கொப்பியில, பின் ஒற்றையில இருந்து. இண்டைக்குக் கேட்டத எங்கயாவது இறக்கி வைக்கோணும். என்ட மனிசி இருந்தா அவளுக்குச் சொல்லியிருப்பன். அவள் போய்ச் சேந்திட்டாள்.

கிளினிக் வாசல் வாங்கில நிறையச் சனம். படை, தேமல், ஒரு மனிசிட கால் வெடிப்பு. ஆளுக்காள் மற்றாள்ட தோலப் பாத்துக் கொண்டு இருக்குதுகள். பாக்கியம் வழமை போல மூலையில. தலைமயிர ரெண்டு காதுக்கும் மேலால இழுத்து விட்டு, அதுக்கு மேல சீலைத் தலைப்பு. இந்த வெக்கையிலயும். நாப்பத்தஞ்சு வயசு தாண்டிட்டாள். குமரா இருக்கேக்க தொடங்கின மூடல்.

டொக்டர் புதுசு. காத்தான்குடிப் பக்கத்துப் பிள்ளை, முக்காட்டோட. "மயிரக் கொஞ்சம் தூக்குங்க அக்கா" எண்டா. மகள் தூக்கல்ல. நான் வெளியில நிக்கட்டோ எண்டு கேட்டன். "இரிங்க அப்பா" எண்டாள். பிறகு தூக்கினாள்.

வலது காதில மரமுந்திரிக் கொட்டை அளவு. இடது காதில அதைவிடப் பெரிசு, கீழ தொங்குது. மினுங்குது. நாவல்பழ நிறம். நான் நிலத்தப் பாத்தன்.

எப்ப வந்த, எப்பிடி வந்த எண்டு டொக்டர் கேட்டா. நான்தான் சொன்னன். எனக்கு ஒண்டும் மறக்கல்ல. கைப்பிள்ளையில குத்தின காது சுகமா ஆறினது. இடம்பெயர்ந்து கேம்பில கிடந்த காலம் தோட்டை வித்துச் சாப்பிட்டம், ஓட்டை தூந்து போச்சு. ஊருக்குத் திரும்பி வந்து, அவள் பெரிய பிள்ளையானாப் பிறகு, தாய் தேசிக்காய் மரத்து முள்ளை அடுப்பில வாட்டித் திருப்பிக் குத்தினாள். அடுத்த வெள்ளாமை வெட்டுக்கு முதல் காது சொறியச் சொல்லிக் கடிக்குது எண்டாள். மிளகு போல ஒண்டு. பிறகு புளியங்கொட்டை போல. தலைமயிர் சுத்திக் கட்டினா வாடி விழும் எண்டு ஒருத்தி சொன்னாள், கட்டினம், சீழ் பிடிச்சு இன்னும் பெருத்தது. பிறகு டவுணில ஓரிடத்தில வெட்டி எடுத்தம். காது வடிவா வந்தது. அந்தப் பொங்கலுக்குப் பாக்கியம் கண்ணாடிக்கு முன்னால நிண்டு நிண்டு கொண்டை போட்டாள். வருசம் திரும்ப முதல் வெட்டின இடத்தாலயே திரும்பவும். முந்தினதிலயும் பெரிசா.

"வெட்டி மட்டும் விட்டா அப்பிடித்தான் ஐயா. வெட்டினதும் அந்தத் தோலுக்கு ஒரு புதுக் காயம்தானே" எண்டா. வெட்டின கையோட ஊசியும் போட்டு வரோணுமாம். இல்லாட்டிக் கதிர் அடிக்கோணுமாம்.

மற்றத் தழும்பு வேறயாம், இது வேறயாம். "தழும்பு எண்டா வரம்புக்குள்ள நிக்கும். காயம் எவ்வளவோ அவ்வளவு. இது வரம்பு தாண்டிப் பக்கத்து வயலுக்கும் போற சாமான். காயம் மூடிட்டு, வேலை முடிஞ்சு எண்டு தோலுக்குத் தெரியோணும். சில ஆக்கள்ட தோலுக்கு அது தெரியாது. கட்டிக் கொண்டே இரிக்கும்." கீலொயிட் எண்டு பேர் சொன்னா. துண்டிலயும் எழுதியிருக்கு.

"வீட்டில வேற ஆருக்கும் இரிக்கா?"

பாக்கியம் இப்பதான் பறைஞ்சாள். "அம்மாட குடி வழியில வாறது எண்டு சொல்லுவாங்க டொக்டர்."

"அம்மாவுக்கு இருந்ததா?"

"இல்ல."

"அம்மாட சகோதரங்களுக்கு?"

"இல்ல. ஆனா சனம் சொல்லும்."

டொக்டர் என்னைப் பாத்தா. நான் நெஞ்சைச் சொறிஞ்சு கொண்டு இருந்திருக்கன், எனக்கே தெரியாது. "சேட்டைக் கழட்டுங்க ஐயா" எண்டா.

இது கெளுத்தி முள்ளு எண்டன். வலை இழுக்கேக்க துள்ளி நெஞ்சில ஏறினது, உள்ளுக்க முறிஞ்சு கிடக்கு, அதுதான் கடிக்கிற எண்டன். நாப்பது வருசமா நான் சொல்லிக் கொண்டு திரியிற கதை. நண்டு கால் விரிச்ச மாதிரி நாலு பக்கமும் ஓடியிருக்கு. டொக்டர் தொட்டுப் பாத்து, மெதுவாச் சொன்னா: "முள்ளு ஒண்டும் இல்ல ஐயா. மகள்ட காதில இரிக்கிறதுதான் உங்கட நெஞ்சிலயும் இரிக்கி. இது தகப்பன் வழியாலயும் வரும், தாய் வழியாலயும் வரும்."

சேட்டைப் பூட்டினன். தெறி மாறிப் பூட்டியிருக்கன், பஸ்ஸிலதான் கண்டன்.

எழும்பி வரப் போகேக்க பாக்கியம் கேட்டாள். அவள்ட தம்பி தவத்தின்ட மகள் தர்சி பெரிய பிள்ளையாகியிருக்கிறாள், வாற கிழமை வெள்ளிக்கிழமை தண்ணி வாக்கிற சடங்கு, அண்டைக்கு மூக்குக் குத்தப் போறாங்க, குத்தலாமா.

டொக்டர் பேனையைக் கீழ வச்சிட்டா. "வேணாம். வரும் எண்டு நான் அறுதியாச் சொல்ல மாட்டன். வராது எண்டும் சொல்ல மாட்டன். ஆனா உங்கட ரத்தம். அதோட இந்த வயசுதான் கூடப் பயம்." தர்சிக்குச் சின்னனில குத்தின காது சுகம்தானே எண்டன் நான். "அக்காவுக்கும் கைப்பிள்ளையில குத்தினது சுகம்தானே ஐயா" எண்டா.

பிறகு ஊசி. கட்டிக்குள்ள மருந்து லேசில இறங்காது, கல்லுக்குள்ள குத்தின மாதிரி. டொக்டர்ட பெருவிரல் வெளுத்துப் போச்சு. பாக்கியம் கதிரைக் கையை இறுக்கிப் பிடிச்சாள். வெளியில வந்து பிளேன்டி குடிச்சம். சீனி போதாது எண்டாள். அவ்வளவுதான் கதைச்சது.

ஆனி 4, புதன்

காத்து நிக்கல்ல. கோழி ஒண்டு அடையில, ஒரு கிழமையாச்சு. கறண்ட் இல்ல.

நினைக்க நினைக்க மனிசிட முகம்தான். எங்கட பக்கம் எல்லாம் தாய்வழி. பிள்ளைகள் தாய்ட குடி. கோயில்ல முறை அப்பிடி, வீடு வளவும் பொம்பிளைப் பிள்ளைக்கு. வருத்தத்தையும் சனம் அந்தக் கணக்கிலயே சேத்திட்டுது. பாக்கியத்துக்கு வந்த ரெண்டு சம்பந்தமும் குடியை விசாரிச்சுத்தான் முறிஞ்சது. "தாய்க்குடியில வளர்தசை இரிக்காம்" எண்டு. கண்ணகை அம்மன் கோயில் குளிர்த்தித் திருவிழாவில ஒரு மனிசி என்ட மனிசிக்கு முகத்துக்கு நேர சொன்னாள். அவள் வீட்ட வந்து அடுப்பு மூட்டாம இருந்தாள். கிடையில கிடக்கேக்கயும் "என்ட குடியாலதான் என்ட பிள்ளைக்கு" எண்டுதான். நான் பக்கத்தில இருந்து விசிறினன். இந்த நெஞ்சோட.

பாக்கியம் மத்தியானம் சோறு போட்டுத் தந்திட்டு நிண்டாள்.

"அப்பா, உங்கட கெளுத்தி முள்ளுக்கு நான் எத்தின தரம் மஞ்சள் அரைச்சு வச்சிருப்பன்."

"ஓம் புள்ள."

"கெளுத்திக்கு ஆரும் குடி விசாரிக்கல்ல."

சிரிச்சாள். நானும் சிரிச்சன். பிறகு ரெண்டு பேருக்கும் சோறு இறங்கல்ல. மீனப் பூனைக்குப் போட்டம்.

காது வீங்கியிருக்கு. பனடோல் ரெண்டு.

ஆனி 6, வெள்ளி

குருக்கள்மடம் போய் வந்தன். வாவி கடக்கிற பாதைப் படகு வெள்ளெனவே ஓடினது. ஒரு ஆட்டோ, ரெண்டு மோட்டார் சைக்கிள், கீரைக்காரி, நான். வாவித் தண்ணி கலங்கல். பாதைய நடத்துறவன் "என்ன பெரியவர், சம்பந்தி வீட்டயா? முழிக்கிற முழிய பாத்தாத் தெரியுது" எண்டான்.

மகன் தவம் கட்டிப் போன வீடு அது. மருமகள் வசந்திட தாய்தான் அங்க எல்லாம். என்னை "அண்ணன்" எண்டுதான் கூப்பிடுறது. நல்ல மனிசி. வந்த உடன பால் தேத்தண்ணி, பயத்தம்பணியாரம். தர்சி அறைக்குள்ள. ஆம்பிளையள் பாக்கக் கூடாது, தண்ணி வாக்கும் வரைக்கும். கதவுக்கு அங்கால இருந்து "அப்பப்பா, மாமி வரல்லயா?" எண்டு கேட்டாள். தொண்டை இன்னும் சின்னப் பிள்ளைட தொண்டை.

சொன்னன். டொக்டர் சொன்னது முழுக்க. வாய் தடுமாறிச்சு, ஆனா விடாமச் சொன்னன். சம்பந்தி கேட்டுக் கொண்டே வெத்திலைக்குச் சுண்ணாம்பு தடவினா.

"கட்டார்ல இரிக்கிற மாமன் ஆசையா அனுப்பினது அண்ணன். வெள்ளைக்கல்லு. பத்தருக்கும் சொல்லியாச்சு."

"மூக்குத்தியப் பிறகு குடுக்கலாம்தானே தங்கச்சி. சங்கிலில கோத்துக் குடுங்க."

"மூக்குத்தியக் கழுத்தில போடுற ஊர் எது?"

வசந்தி அடுப்படிக்குள்ள சிரிச்சது கேட்டிச்சு.

"டொக்டர் வரும் எண்டு சொன்னாவா?"

"வரும் எண்டும் சொல்ல ஏலாது, வராது எண்டும்..."

"அப்ப அவவுக்கே தெரியாது."

"தங்கச்சி, தர்சி தவத்தின்ட ரத்தம். தவம் என்ட ரத்தம்."

"ரத்தம் இரிக்கட்டும் அண்ணன். பிள்ளை எங்கட குடி. எங்கட குடியில தலைமுறை தலைமுறையா மூக்குக் குத்தியிரிக்கி. இந்தா என்ட மூக்கு. இந்தா வசந்திட மூக்கு. ஆருக்காவது ஒரு பரு வந்திரிக்கா? உங்கட மகளுக்கு வந்தது, பாவம், அது அவட தாய்க்குடி. எங்கட பிள்ளைக்கு என்னத்துக்கு அதைக் கொண்டு வந்து ஒட்டுறீங்க?"

தாய்க்குடி இல்ல, நான்தான் எண்டு சேட்டைத் திறந்து காட்டினன். பொம்பிளையளுக்கு முன்னால இந்த வயசில. சம்பந்தி எட்டிப் பாத்திட்டு, "வயசு போனா எல்லாருக்கும் எங்கயாவது ஏதாவது முளைக்கும் அண்ணன். அதப் பூட்டுங்க, காத்துப் படும்" எண்டா. கோவம் இல்ல அவட குரல்ல. அதுதான் என்னை விழுத்தினது. எனக்குச் சண்டை பிடிக்கவும் இடமில்ல.

தவம் கூட இருந்தவன். ஒரு சொல் பேசல்ல. துறை வரைக்கும் கூட வந்தான். வழியில அவன்ட தாடியப் பாத்தன். ரெண்டு மூணு வருசமாத் தாடி. கோயில் நேத்தியாக்கும் எண்டு நினைச்சிருந்தன். காத்துக்கு மயிர் விலகிச்சு. தாடைக்குக் கீழ, ரெண்டு பக்கமும், சிவப்பா மணி மணியா.

"என்னடா இது?"

"சவரம் எடுத்த இடம். ஒண்டுமில்ல."

"கடிக்குதா?"

தாடியை இழுத்து மூடினான். பிறகு சொன்னான். "ஓம். ராவையில கடிக்கும். தெரியும் அப்பா. அக்காட காது எப்பிடித் தொடங்கினது எண்டு எனக்குத் தெரியாதா."

"அப்ப நீ அங்க சொல்லியிருக்கலாமே. உன்ட பிள்ளைடா."

"நான் அந்த வீட்ட இரிக்கிறவன் அப்பா. தெரிஞ்சா என்னை விடுங்க, பிள்ளைய என்ன கண்ணால பாப்பாங்க? நாளைக்கு அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்தா? அக்காவுக்கு நடந்தத நான் கண்டவன். குத்தினா வராமலும் போகலாம் எண்டுதானே டொக்டர் சொல்லியிருக்கிறா. சொல்லிட்டா, பிறகு சொன்னது சொன்னதுதான்."

பாதை வந்திட்டு. ஏறினன். அவன் கரையில நிண்டான், தாடையத் தடவிக் கொண்டு.

ஆனி 8, ஞாயிறு

கிணத்துத் தண்ணி கீழ போயிட்டு. வாளிக் கயிறு மாத்தோணும். கண்ணுக்கு மருந்து முடிஞ்சிட்டு.

பாக்கியத்துக்குத் தவத்தின்ட தாடிக் கதையச் சொல்லாம விடத்தான் நினைச்சன். மூஞ்சியப் பாத்தே கேட்டாள். சொன்னன். தையல் மெசின மிதிக்கிறத நிப்பாட்டிட்டு வெளியால பாத்துக் கொண்டு இருந்தாள். "பாவம் தம்பி" எண்டாள். அவ்வளவுதான். அவனில கோவிக்கவும் மாட்டாள் இவள்.

பின்னேரம் தர்சி போன் எடுத்தாள், தாய்ட போனில, ஒளிச்சு.

"அப்பப்பா, மூக்குக் குத்த வேணாம் எண்டு நீங்க சொன்னீங்களாம்."

"ஓம் கிளி."

"ஏன்? எனக்கு விருப்பம். என்ட வகுப்பில ரெண்டு பேர் குத்தியிரிக்காங்க. நான் கண்ணாடியில வச்சுப் பாத்தன், வடிவா இரிக்கி."

"பிறகு தடிச்சு வந்தா முகத்தில இரிக்கும் புள்ள."

"தடிச்சா மருந்து போடலாம்தானே."

இந்த வயசில ஆருக்குத் தெரியும். மருந்து எண்டா என்ன எண்டு அவளுக்குச் சொல்லவா? ஒவ்வொரு மாசமும் பஸ் ஏறிப் போய் அந்தக் கல்லுக்குள்ள ஊசி ஏத்துறத? ஏத்தினா மெல்ல மெல்லப் பதியும். ஊசி பட்ட இடம் வெளுக்கும், தோல் மெலிஞ்சு போகும். விட்டா எழும்பும். முழுசாப் போறதெண்டு டொக்டரும் சொல்லல்ல, "அடக்கி வைக்கலாம்" எண்டுதான் சொன்னா. காது எண்டாலும் மயிரால மூடலாம். மூக்கை எதால மூடுற?

"நல்லாச் சாப்பிடு" எண்டன். முட்டையும் நல்லெண்ணையும் தந்து தந்து வாய் கசக்குதாம்.

ரெண்டு கை இருக்கு எனக்கு, ஒண்டுக்கும் உதவாது. வாவியில மூழ்குற ஆள் எண்டாக் கையப் பிடிச்சு இழுக்கலாம். இது கண்ணுக்கு முன்னால கரையில நிண்டு சிரிக்கிற பிள்ளை.

ஆனி 11, புதன்

காத்துக் கொஞ்சம் குறைவு. பாக்கியத்துக்கு வீக்கம் வத்திட்டு. இடது கட்டி கொஞ்சம் மெதுமையா இருக்காம். அவள் சொன்னாள், நான் பாக்கல்ல.

வசந்தி பாக்கியத்துக்குப் போன் எடுத்தாள். கதவடியில நிண்டு எனக்கும் கேட்டிச்சு, அந்தப் போன் கத்துற போன். முறைப்படி தகப்பன்ட சகோதரி, மாமிதான் முதல் தண்ணி வாக்கோணும். இவள்தான் மாமி.

"மச்சாள், குறை நினைக்காதீங்க. அம்மா சொல்றா, கலியாணம் முடிச்ச ஆளா வாத்தா நல்லமாம். எங்கட பெரிய மச்சாள் முறையாள் ஒருத்தி இரிக்கா. நீங்க வாங்க, கட்டாயம் வாங்க. பின்னுக்கு நிண்டாப் போதும். வீடியோவும் பிடிக்கிறாங்க, அதுதான்..."

"சரி மச்சாள்" எண்டாள் பாக்கியம். "நான் வருவன்."

போனை வச்சிட்டுத் திரும்ப மெசின். தர்சிக்குச் சட்டை தைக்கிறாள், நீலப் பட்டு. இவள்ட பரிசு.

"போக வேணாம் மகள்" எண்டன். "நான் மட்டும் போய்த் தலையக் காட்டிட்டு வாறன்."

"ஏன் அப்பா?"

"பின்னுக்கு நிக்கச் சொல்றாங்க."

"பின்னுக்கு நிண்டு எனக்குப் பழக்கம்தானே."

நூலைப் பல்லால கடிச்சாள். "நீங்க உங்கட நெஞ்சைக் காட்டினீங்க. அது ஆம்பிளைட நெஞ்சு, கிழவன்ட நெஞ்சு. அதை ஆர் பாக்கிற? தர்சிக்கு நான்தான் காட்டோணும்."

என்னத்தக் காட்டப் போறாய் எண்டு கேட்டன். அவள் தையலைத் திருப்பிப் போட்டாள். எனக்கு விளங்கிட்டு. விளங்காத மாதிரி இருந்தன். வேணாம் புள்ள, வேணாம் புள்ள எண்டு உள்ளுக்க ஒருத்தன் கத்துறான். இன்னொருத்தன், பிள்ளைட மூக்குத் தப்பட்டும் எண்டான். ரெண்டும் நான்தான்.

ஆனி 13, வெள்ளி

எழுத்து வரல்ல. எழுதத்தான் வேணும்.

காலம்பிற பாதையில சனம். பாக்கியம் அரக்குச் சீலை, வழமை போல தலைப்பால மூடி. மடியில சட்டைப் பார்சல்.

பந்தல், வாழை, லவுட்ஸ்பீக்கர். படம் பிடிக்கிறவங்கள் மூணு பேர், கல்யாண வீடு தோத்துப் போகும். தண்ணி வாத்தாச்சு. குரவை போட்டாங்க. பெரிய மச்சாள் முறையாள்தான் வாத்தது. பாக்கியம் பின்னுக்கு, தூணோட. நான் ஆம்பிளையள் பக்கம் கதிரையில. சோடா தந்தாங்க.

தர்சிய அலங்கரிச்சுக் கொண்டு வந்து இருத்தினாங்க. பாக்கியம் தைச்ச சட்டை இல்ல, வேற சாறி. பிள்ளை எவ்வளவு வடிவு. பத்தர் பக்கத்தில பாய் விரிச்சு இருந்தார். சின்னத் தட்டில ஊசி, மஞ்சள், எண்ணெய், அந்த வெள்ளைக்கல்லு. "பயப்படாத ராசாத்தி, எறும்பு கடிச்ச மாதிரித்தான் இரிக்கும்" எண்டார். பொம்பிளையள் சிரிச்சாங்க. "மாப்பிள்ளை குத்தேக்க அழு, இப்ப அழாத" எண்டு ஒருத்தி.

அப்பதான் தூணைப் பாத்தன். பாக்கியம் அங்க இல்ல.

அறைக்குள்ள இருந்து வந்தாள். தலைமயிர முழுக்க வாரி இழுத்து உச்சியில கொண்டை. சீலைத் தலைப்ப இடுப்பில செருகியிருந்தாள். ரெண்டு காதும் வெளியில. டியூப் லைட் வெளிச்சத்தில, கமராக்காரன்ட லைட்டும் சேத்து. அவள் எங்கட கண்ணுக்கே காட்டாதது. நேர நடந்து வந்தாள். பொம்பிளையள் தானா விலகினாங்க. லவுட்ஸ்பீக்கர் மட்டும் பாடினது.

தர்சிக்கு முன்னால குந்தினாள்.

"தர்சி, மாமிட காதப் பாரு."

பிள்ளை பாத்தாள்.

"கிட்டப் பாரு. இது உன்ட வயசில ஒரு சின்ன முள்ளுக் குத்தினது. எறும்பு கடிச்ச மாதிரித்தான் இருந்த. கையத் தா. தொட்டுப் பாரு."

பிள்ளைட கையப் பிடிச்சு இடது காதில வச்சாள். தர்சி ஒரு நிமிசம் அப்பிடியே இருந்தாள். கண் பெருத்துப் போச்சு. பிறகு கையப் பறிச்சு, சாறியில துடைச்சாள். துடைச்சுக் கொண்டே இருந்தாள். "போங்க மாமி. போங்க" எண்டாள். குரல் உயந்து உயந்து கத்தலாப் போச்சு. ரெண்டு கையாலயும் மூக்கை மூடிக் கொண்டு எழும்பி அறைக்குள்ள ஓடினாள். கதவுத் தாழ்ப்பாள் விழுந்த சத்தம்.

பாக்கியம் குந்தினபடிதான்.

சம்பந்தி வந்தா. கத்தல்ல. "நல்ல காரியத்தில வந்து பிள்ளைய வெருட்டிட்டியே புள்ள. உனக்கு நாங்க என்ன செய்தம்?" வசந்தி அழுதாள். ஆரோ பின்னுக்கு, "இந்தக் காதோட இவள் முன்னுக்கு வரலாமா" எண்டது எனக்குக் கேட்டிச்சு. அவளுக்கும் கேட்டிருக்கும்.

பத்தர் சாமானெல்லாம் துணியில சுத்தினார். "நான் வேறொரு நாளைக்கு வாறன் அம்மா."

தவத்தப் பாத்தன். கமராக்காரனுக்குப் பக்கத்தில நிண்டான். ஒரு அடி எடுத்து வச்சான், அக்காட பக்கம். பிறகு நிண்டிட்டான்.

நான் போய்ப் பாக்கியத்தக் கையில பிடிச்சு எழுப்பினன். சாப்பிடாம வெளிக்கிட்டம். பாதையில அவள் கொண்டைய அவிக்கல்ல. சனம் பாத்திச்சு, பாக்கட்டும் எண்டு நிண்டாள். நடு வாவியில, "குத்தல்லத்தானே அப்பா?" எண்டாள்.

"குத்தல்ல."

"அது போதும்."

வீட்டு முத்தத்துக்கு வந்துதான் அவிட்டு விட்டாள்.

ஆனி 14, சனி

மழைக்கு இருட்டிட்டு விட்டிட்டு. பெய்யல்ல.

பாக்கியம் எழும்பல்ல. தலைவலி எண்டாள். கஞ்சி வச்சுக் குடுத்தன், அரைவாசி. மெசினுக்கு மேல சீலை போட்டு மூடியிருக்கு.

அந்தப் பிள்ளை கையத் துடைச்ச துடைப்பு என்ட கண்ணை விட்டுப் போகுதில்ல. அது பிள்ளைட பிழை இல்ல. ஆனா பாக்கியம் இவ்வளவு காலமும் மயிருக்குள்ள ஒளிச்சு வச்சது காத இல்ல, அந்தத் துடைப்பத்தான். அது வரும் எண்டு தெரிஞ்சு கொண்டுதான் போயிருக்கிறாள். தெரியாமப் போனாள் எண்டு நினைச்சா எனக்குக் கொஞ்சம் லேசா இருக்கும்.

மாமி எண்டு இந்த வீட்ட இனி வருவாளா தர்சி? லீவுக்கு வந்தா இவளோட ஒரே பாயில படுக்கிற பிள்ளை.

நெஞ்சு கடிக்குது. சொறியாம இருக்கப் பாக்கிறன். சொறிஞ்சா இன்னும் எழும்புமாம்.

ஆனி 17, செவ்வாய்

காத்து. வாளிக்குப் புதுக் கயிறு கட்டினன். அடைக்கோழி நாலு குஞ்சு, ஒண்டு செத்துப் போச்சு.

பத்து மணி போல தவம் போன். வேலை செய்யிற இடத்தில இருந்து.

"அக்கா எப்பிடி?"

"இரிக்கிறாள். நீயே கேள்."

"இல்ல, பிறகு." ஆக்களை விட்டு ஒதுங்கினான் போல. "தர்சி ரெண்டு நாள் சாப்பிடல்ல. இப்ப சாப்பிடுறாள். வசந்தியும் அவட தாயும் இருத்திக் கதைச்சிருக்காங்க. அக்காவுக்கு வந்தது வேற, உனக்கு வராது எண்டு. பிள்ளையும் இப்ப ஓமாம். ஆவணியில குத்துறாங்களாம்."

"ஆவணியில."

"ஓம். வீட்டோடதானாம். ஆரையும் கூப்பிடல்லயாம். அக்காவுக்குச் சொல்லாதீங்க அப்பா."

"நீ என்னடா சொன்னாய் அவங்களுக்கு?"

"நான் என்னத்தச் சொல்ல."

"உன்ட தாடையக் காட்டியிருக்கலாம்."

வச்சிட்டான்.

போனைக் கையில வச்சுக் கொண்டு அப்பிடியே இருந்தன். ஒரு பிள்ளை தன்ட மானத்த எடுத்துக் கொண்டு போய் நடுப்பந்தல்ல வச்சிட்டு வந்தாள், அதுக்குக் கிடைச்சது இவ்வளவுதான். ஆவணி வரைக்கும்.

சொல்லாம இருக்கலாம் எண்டுதான் நினைச்சன். கிறுகிப் பாத்தா, பாக்கியம் கதவடியில. இந்தப் போன் கத்துற போன். எல்லாம் கேட்டிருக்கு.

மெசினுக்கு மேல கிடந்த சீலைய எடுத்து மடிச்சு வச்சாள். கதிரைய இழுத்து இருந்தாள். ஊசிக்கு நூல் கோக்கப் பாத்தாள், ரெண்டு தரம் தவறிச்சு, மூணாந்தரம் கோத்தாள்.

"ஆவணி எத்தினையாம்?"

"சொல்லல்ல புள்ள."

"தம்பிட்டக் கேட்டு வையுங்க அப்பா. கூப்பிடாட்டியும் நான் போவன்."